அப்பாவின் கை நடுக்கம்: ஒருவர் பார்க்கின்சன் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. ஏழெட்டு மாதமாக வலது கை நடுங்குகிறது. முதலில் பார்த்த மருத்துவர் ஐந்தே நிமிடத்தில் "பார்க்கின்சன்" என்று சொல்லி லெவோடோபா எழுதிக்கொடுத்தார். மனசு கேட்காமல் இன்னொருவரிடம் போனோம். அவர் "இது எசென்ஷியல் ட்ரெமர்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று வேறு மாத்திரை எழுதினார். எம்ஆர்ஐ எடுத்தோம், வயதுக்கேற்ற மாற்றம் தவிர வேறொன்றும் இல்லை என்று வந்தது. இப்போது இரண்டு சீட்டும் மேசைமேல் கிடக்கின்றன, எந்த மாத்திரையையும் தொடங்கவில்லை. அப்பா எதுவும் பேசுவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. இரண்டு நோயையும் எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

காலைநடை:
சகோதரி, எனக்கு எசென்ஷியல் ட்ரெமர். இருபது வருடத்துக்கு மேலாகிறது. என் அம்மாவுக்கும் இருந்தது, தாய்மாமாவுக்கும் இருந்தது. இது பல குடும்பங்களில் இப்படித்தான் வழிவழியாக வரும்.

எனக்கு எப்படி என்று சொல்கிறேன், அப்பாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையை மடியில் வைத்துவிட்டால் என் கை சும்மா இருக்கும். டம்ளரைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் ஆரம்பிக்கும். கரண்டி, பேனா, சாவி, எதையாவது பிடித்துச் செய்ய வேண்டும் என்றாலே நடுங்கும். இரண்டு கையிலும் உண்டு, வலதில் கொஞ்சம் கூடுதல். சில வருடமாகத் தலையும் "இல்லை இல்லை" என்பதுபோல லேசாக ஆடுகிறது, குரலும் நடுங்குகிறது. ஆனால் என் நடை நன்றாக இருக்கிறது, வேகமும் குறையவில்லை. என் கையெழுத்து கோணல்மாணலாகப் பெரிதாக இருக்கும். பார்க்கின்சனில் எழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டே போகும் என்பார்கள். சுருள் வட்டம் ஒன்று வரையச் சொல்லிப் பாருங்கள். என் சுருள் முழுக்க அலை அலையாக இருக்கும்.

எனக்கும் ஒருவர் முதலில் பார்க்கின்சன் என்றுதான் சொன்னார். இரண்டு வருடம் அந்தப் பெயரோடு தூங்கி எழுந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். புரொப்ரனலால் எனக்கு ஓரளவு உதவுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்:
எம்ஆர்ஐ நார்மல் என்றால் பார்க்கின்சன் இல்லை என்றுதானே அர்த்தம்? இரண்டாவது மருத்துவர் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது.

பழையமணி:
ஆற்றுமணல், அப்படி இல்லை. பலரும் இதில்தான் தவறிவிடுகிறார்கள், அதனால் உடனே சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களின் வழக்கமான எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறார்கள். பக்கவாதத் தழும்பு, கட்டி, மூளை நீர் தேக்கம் போன்றவை இல்லை என்று தெரிந்துகொள்ள அது உதவும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நான் நரம்பியல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் என்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன். எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் நடுக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பார்க்கின்சனை நிர்ணயிப்பது நடுக்கம் அல்ல, மந்தம். 2015-ல் உலக அளவிலான இயக்கக் கோளாறு மருத்துவர் சங்கம் வெளியிட்ட விதிமுறைப்படி, அசைவில் மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஓய்வு நடுக்கமோ (கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம்) தசை விறைப்போ ஒன்றாவது சேர வேண்டும். நடுக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பெயரை வைக்க முடியாது. நடுக்கமே இல்லாமல் பார்க்கின்சன் வருகிறவர்களும் நிறையப் பேர்.

மந்தம் என்றால் வெறுமனே மெதுவாக நடப்பது இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்த அளவு அகலமாக, வேகமாகத் திறந்து திறந்து மூடச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து தடவை செய்யட்டும். பார்க்கின்சனில் முதல் சில தட்டல்கள் நன்றாக இருக்கும், அப்புறம் அகலம் சுருங்கிக்கொண்டே வரும், இடையில் ஒரு கணம் சிக்கி நிற்கும். எழுத்து சின்னதாகிக்கொண்டே போவதும் இதேதான், விரலுக்குப் பதில் பேனாவில் தெரிகிறது. எசென்ஷியல் ட்ரெமரில் நடுக்கத்தால் தட்டல் ஒழுங்கில்லாமல் இருக்கலாம், ஆனால் இப்படிப் படிப்படியாகச் சுருங்காது.

அடுத்து, நடுக்கம் எப்போது வருகிறது? அப்பா நாற்காலியில் சாய்ந்து, கையை மடியில் தளர்வாகப் போட்டபடி 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லட்டும். மனம் வேறு வேலையில் இருக்கும்போது ஓய்வு நடுக்கம் மறைக்க முடியாமல் வெளியே வரும். அது வினாடிக்கு 4 முதல் 6 தடவை என்ற அளவில், மாத்திரையை விரலிடுக்கில் உருட்டுவதுபோல இருக்கும். நடக்கும்போதும் அந்தக் கை நடுங்குகிறதா, வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் இரண்டு மருத்துவர்களும் வேறுவேறு முடிவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம். பார்க்கின்சன் உள்ளவர் கையை முன்னால் நீட்டினாலும் நடுங்கும். ஆனால் நீட்டியவுடன் நடுக்கம் நின்றுவிடும், சில வினாடி கழித்து மறுபடி தலைதூக்கும். எசென்ஷியல் ட்ரெமரில் அந்த இடைவெளி இருக்காது, நீட்டியவுடனே ஆரம்பித்துவிடும். அந்தச் சில வினாடி பொறுத்துப் பார்க்காவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மழைத்துளி:
ஐயா, நேற்று ராத்திரி நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தோம். கழித்தல் கணக்குச் சொல்லும்போது வலது கை நன்றாகவே நடுங்கியது. இடது கையிலும் லேசாக இருந்தது, எனக்கு அது இதுவரை தெரியவே தெரியாது. கையை நீட்டச் சொன்னபோது முதலில் நின்றது, நான் மனசுக்குள் ஆறு எண்ணுவதற்குள் திரும்ப வந்துவிட்டது. விரல் தட்டலில் வலது கை சீக்கிரமே சோர்ந்துபோனது.

பழைய கையெழுத்துகளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடம் முன்னால் போட்ட கையெழுத்துக்கும் இப்போதையதுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். அம்மாவிடம் கேட்டபோது இன்னொன்றும் சொன்னார். அப்பா தூக்கத்தில் கத்துவதும் கைகாலை உதறுவதும் நாலைந்து வருடமாகவே இருக்கிறதாம். கெட்ட கனவு என்று விட்டுவிட்டார்களாம். இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

பழையமணி:
இருக்கிறது. கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் கட்டிப்போட்டதுபோல இருக்க வேண்டும். அந்தக் கட்டு அவிழ்ந்துபோனால் கனவில் செய்வதைக் கைகால் செய்துவிடும். பார்க்கின்சனும் அதன் நெருங்கிய உறவு நோய்களும் வருவதற்குப் பல வருடம் முன்பே இது தோன்றலாம். வாசனை தெரியாமல் போவதும் நாள்பட்ட மலச்சிக்கலும் அப்படித்தான். சிலருக்கு ஒரு பக்கத் தோள் வலிதான் முதல் அறிகுறி, எலும்பு மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு வருவார்கள். அம்மா சொன்னதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் அருகில் படுக்கிறவர் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

ஆனாலும் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அப்பா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

வேப்பநிழல்:
ஐயா கேட்ட கடைசிக் கேள்வியை எங்களிடம் ஒரு வருடம் யாரும் கேட்கவில்லை. அதனால் இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போல இருக்கிறது. என் அம்மா 58 வயதில் மெல்ல மெல்ல மரம்போல ஆனார். முகத்தில் சிரிப்பில்லை, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, இரண்டு கையும் ஒரே அளவில் நடுங்கின. பார்க்கின்சன் என்று மருந்து தொடங்கி, அளவைக் கூட்டிக் கூட்டி, ஒரு பயனும் இல்லை. அப்புறம் மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். வயிற்று உப்புசத்துக்கு யாரோ எழுதிக்கொடுத்த லெவோசல்பிரைடு கலந்த மாத்திரை. பத்து நாளுக்குக் கொடுத்ததை அம்மா ஒன்றரை வருடமாக விடாமல் சாப்பிட்டிருக்கிறார். அதை நிறுத்தினோம். முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை, நம்பிக்கையே போய்விட்டது. நாலாவது மாதம் அம்மா தானே எழுந்து சமையலறைக்குப் போனார்.

பழையமணி:
வேப்பநிழல் எழுதியதைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். மாத்திரையால் வரும் இந்த நிலை அசலைப்போலவே இருக்கும், காரணத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். அசைவைச் சீராக வைக்கிற டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கிற மருந்து எதுவும் இதைச் செய்யலாம். மனநோய்க்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் போவது வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின் ஆகியவைதான். வலிப்புக்கான வால்ப்ரோயேட் நடுக்கத்தையும் தரும், மந்தத்தையும் தரும். இன்னொரு பக்கம் சல்பூட்டமால், லித்தியம், அளவு மிஞ்சிய தைராக்சின் ஆகியவை வெறும் நடுக்கத்தைத் தரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

நீங்களாகவே எதையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாக மனநல மாத்திரைகளை. எழுதிக்கொடுத்தவரிடம் பேசித்தான் நிறுத்த வேண்டும்.

விழித்திரு:
நான் எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். மழைத்துளியைப் பயமுறுத்த இல்லை, அவர் அப்பாவுக்கு இது இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த இழையைப் பிறகு படிக்கிற யாருக்காவது பயன்படும்.

என் அப்பாவுக்கும் பார்க்கின்சன் என்றுதான் சொன்னார்கள். நடுக்கம் கிடையாது. விழுந்துகொண்டே இருந்தார். தடுக்கி விழவில்லை, நின்ற இடத்திலேயே பின்பக்கமாக மரம் சாய்வதுபோல விழுந்தார், கையை ஊன்றக்கூட முயலவில்லை. முதல் வருடத்திலேயே ஐந்து தடவை. மாடிப்படி இறங்கப் பயந்தார். சாப்பிடும்போது தட்டில் பாதியை விட்டுவிடுவார். படிக்க முடியவில்லை என்று ஒரே வருடத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினோம். இதையெல்லாம் தனித்தனிப் பிரச்சினை என்றே நினைத்தோம். கழுத்து மட்டும் விறைத்து நிமிர்ந்திருக்கும், முகம் எதையோ பார்த்து வியந்ததுபோலவே இருக்கும். லெவோடோபாவின் அளவை எவ்வளவோ கூட்டினார்கள், கடுகளவு மாற்றம் இல்லை.

கடைசியில் ஒருவர் அப்பா முன்னால் உட்கார்ந்து, விரலைக் காட்டி, தலையை ஆட்டாமல் கீழே பார்க்கச் சொன்னார். அப்பாவின் கண் கீழே இறங்கவில்லை. தட்டில் பாதி மீந்ததற்கும் படிக்கட்டுப் பயத்துக்கும் அதுதான் காரணம். ப்ராக்ரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பிஎஸ்பி. எம்ஆர்ஐ-யில் நடுமூளை சுருங்கி ஹம்மிங்பேர்டு பறவைபோலத் தெரிகிறது என்று காட்டினார். அந்தப் படம் முன்பே எங்கள் கையில் இருந்தது.

தெரிந்திருந்தால் நோயை நிறுத்தியிருக்க முடியாதுதான். ஆனால் விழாமல் பார்த்துக்கொண்டிருப்போம். புரையேறாமல் சாப்பிட முதலிலேயே பயிற்சி கொடுத்திருப்போம். "முயற்சி செய்யுங்கள் அப்பா, குனிந்து பாருங்கள்" என்று அவரைத் திட்டாமல் இருந்திருப்பேன்.

பழையமணி:
எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் நாங்கள் எச்சரிக்கைக் குறி என்றுதான் படித்தோம். பார்க்கின்சனில் விழுவது வழக்கமாகச் சில வருடம் கழித்துத்தான் வரும். ஆரம்பத்திலேயே விழுந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

இதேபோல எம்எஸ்ஏ (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி) என்று ஒரு நோய் உண்டு. அதில் எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் கட்டுப்பாடு சீக்கிரமே போகும். படுத்த நிலையில் ஒரு தடவை, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம். பார்க்கின்சனிலும் பின்னாளில் இது வரலாம். ஆரம்பத்திலேயே கடுமையாக இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிவதும் குழப்பமும் தொடக்கத்திலேயே சேர்ந்து வந்தால் லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதி நோயைப் பற்றி யோசிக்க வேண்டும். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் பெரிய ஆபத்து.

கைகள் நன்றாக இருந்து, கால் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல இருந்தால் மூளை நீர் தேக்கத்தையும் மூளையின் சிறு ரத்தக் குழாய் அடைப்பையும் நினைக்க வேண்டும். நீர் தேக்கத்தில் சிறுநீர் அவசரமும் ஞாபக மறதியும் கூட வரும். முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு நடை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் அறுவை சிகிச்சையில் குழாய் வைத்து நல்ல பலன் கிடைக்கலாம்.

நீலவானம்:
இளவயதினருக்கும் ஒரு வரி. என் தம்பிக்கு 19 வயதில் கை நடுக்கம், பேச்சுக் குழறல். பரீட்சைப் பதற்றம் என்றார்கள். கண் மருத்துவர் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருப்பதைப் பார்த்தார். வில்சன் நோய், உடம்பில் செம்பு சேர்ந்துவிடுவது. செருலோபிளாஸ்மின் ரத்தப் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அளவு, அவ்வளவுதான். மருந்து இருக்கிறது. இன்று வேலைக்குப் போகிறான். நடுங்குகிறவர் இளையவர் என்றால் இதைக் கேட்காமல் மருத்துவரை விடாதீர்கள்.

ஆற்றுமணல்:
முன்பு தவறாகச் சொன்னதற்கு வருந்துகிறேன். ஒரு சந்தேகம். லெவோடோபா கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? கேட்டால் பார்க்கின்சன், கேட்காவிட்டால் இல்லை. டோபமின் ஸ்கேன் என்றும் ஒன்று சொல்கிறார்களே?

பழையமணி:
கேட்டதில் தவறே இல்லை. லெவோடோபா நன்றாக, தெளிவாக வேலை செய்தால் அது பார்க்கின்சனுக்கு வலுவான சாட்சி. ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, குறைந்த அளவை இரண்டு வாரம் கொடுத்துவிட்டு "கேட்கவில்லை" என்று முடிவு கட்டுவது. பக்கவிளைவு தாங்கினால் நாளுக்கு 1000 மில்லிகிராம் வரைகூடப் படிப்படியாகக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். நடுக்கம் மட்டும் அசையாமல் இருந்து, மந்தம் குறைகிறவர்களும் உண்டு. இன்னொன்று, எம்எஸ்ஏ போன்ற நோய்களிலும் முதலில் கொஞ்ச காலம் பலன் தெரியலாம்.

அந்த ஸ்கேன், டோபமின் நரம்பு முனைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று காட்டும். எசென்ஷியல் ட்ரெமரிலும் மாத்திரையால் வந்த மந்தத்திலும் நார்மலாக இருக்கும். பார்க்கின்சனில் குறைந்திருக்கும். ஆனால் பிஎஸ்பி-யிலும் எம்எஸ்ஏ-விலும் குறைந்துதான் இருக்கும், அவற்றை அது பிரித்துக் காட்டாது. எல்லோருக்கும் அது தேவையும் இல்லை.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவரிடம் இருந்தது ஆறு பேரின் கதை மட்டுமே. அவர்களில் சிலரைத் தெருவில் நடக்கும்போது பார்த்துத்தான் எழுதினார். இன்றும் நடையையும் கையையும் பொறுமையாகப் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. அதிலும் தவறு நேரும். லண்டனில் பார்க்கின்சன் என்ற முடிவோடு இறந்த 100 பேரின் மூளையை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். 76 பேருக்குத்தான் அது உண்மையில் இருந்தது. அதனால் முதல் சில வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது, "பெயர் இன்னும் பொருந்துகிறதா" என்று திரும்பக் கேட்க வேண்டும்.

மழைத்துளி:
ஐயா, மாத்திரைப் பையைக் கொட்டினேன். தலைசுற்றலுக்கு என்று சின்னரிசின். இரண்டு வருடமாகத் தினமும் சாப்பிட்டிருக்கிறார். நீங்கள் எழுதிய பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கை விறைத்துவிட்டது. நாளை மறுநாள் இயக்கக் கோளாறுக்கென்றே இருக்கிற மருத்துவரிடம் போகிறோம். நடை, எழுத்து, கை நீட்டுவது என மூன்று சின்ன வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மழைத்துளி (ஐந்து மாதம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி சொல்லத் திரும்ப வந்தேன். புதிய மருத்துவர் நாற்பது நிமிடம் பார்த்தார். வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். சின்னரிசினை நிறுத்திவிட்டு, வேறு எதையும் தொடங்காமல் காத்திருக்கச் சொன்னார். மூன்றாவது மாதம் இடது கை முழுக்க அடங்கிவிட்டது, முகத்திலும் கொஞ்சம் உயிர் வந்தது. நாங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டோம். ஆனால் வலது கையின் மந்தமும் சின்ன எழுத்தும் அப்படியே இருந்தன. ஏற்கெனவே மெல்ல வந்துகொண்டிருந்த பார்க்கின்சனை அந்த மாத்திரை முன்கூட்டியே வெளியே காட்டிவிட்டது என்று சொன்னார். ஸ்கேனிலும் இடது பக்க மூளையில்தான் அதிகம் குறைந்திருந்தது, வலது கைக்கு அதுதான் பொறுப்பாம்.

ஆறு வாரமாக லெவோடோபா சாப்பிடுகிறார். நடுக்கம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் நேற்றுச் சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொண்டார். விருந்தினர் வந்தபோது கையை மறைக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார்.

காலைநடை:
படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், சகோதரி. அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பழையமணி:
நல்ல மருத்துவர் கிடைத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள். அந்தச் சின்னரிசின் பெயரை அப்பாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி வையுங்கள். வாந்தி, தலைசுற்றல் என்று வேறு யாரிடமாவது போனால் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மெட்டோகுளோப்ரமைடும் அவருக்கு இனி வேண்டாம்.